படம் வந்த வழி

"சார், இந்தக் கம்பெனியில கம்ப்யூட்டர் எல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி. எல்லாத்துக்கும் ஒரே யூனிஃபார்ம்" என்றாள் பட்டாசு.

சர்வேயர் நடந்துகொண்டே இரண்டு பக்கமும் பார்த்தார். நீளமான கூடம், வரிசை வரிசையாக மேஜைகள். ஆள் இல்லாத மேஜைகளில் எல்லாம் திரையில் அதே நீல நிறம், நடுவில் அதே கம்பெனி முத்திரை.

"யாருக்கும் வேற படம் வெச்சுக்கணும்னு ஆசை வராதா?"

"ஆசை வந்தாலும் நடக்காது சார். மேலே ஒருத்தர் உட்கார்ந்து ஒரு உத்தரவு போடுவார். இருக்கிற அத்தனை மெஷினும் 'சரிங்க எஜமான்'னு கேட்டுக்கும். எங்க வீட்ல எங்கம்மா மாதிரி."

"உங்கம்மா சொன்னா நீ கேட்டுடுவியா?"

"அதனாலதான் சார் என்னை வீட்டை விட்டு வெளியே வேலைக்கு அனுப்பிட்டாங்க."

சர்வேயர் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன தொழிற்சாலைகளைப் பார்த்து, தானாகப் பிடித்த தீயா, யாராவது வைத்த தீயா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றுத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டாசு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தவள். 'உங்க மெஷின்ல ஒண்ணும் கெடலை, பிளக்கைத்தான் சொருகலை' என்று வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொல்லி வேலையைத் தொலைத்தவள்.

இவர்களை இந்த வழக்குக்குக் கூப்பிட்டது கம்பெனி முதலாளி இல்லை. சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. நேற்று அவர்களுடைய ஆபீஸுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "கம்ப்யூட்டரையெல்லாம் பார்த்துக்கற அட்மின் சார் திருடன் இல்லைங்க. அதை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று சொன்னார்.

முதலாளி எம்.டி. தன் அறையில் இருவரையும் உட்காரச் சொன்னார். மரியாதையானவர்; ஆனால் கோபத்தில் இருந்தார்.

"வேலியே பயிரை மேஞ்சிடுச்சு சார். நாங்க வால்வு செய்யற கம்பெனி. புதுசா ஒரு வால்வு, மூணு வருஷ உழைப்பு. அதோட வரைபடம் எல்லாம் போட்டிக் கம்பெனி கையில இருக்கு. நாங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவங்க செய்ய ஆரம்பிச்சுட்டாங்க."

"அட்மின் மேல ஏன் சந்தேகம்?"

"சந்தேகம் இல்லை சார், ஆதாரமே இருக்கு. எங்க மெஷின் எதுலயும் பென் டிரைவ் போட்டா திறக்காது. அஞ்சு நிமிஷம் ஆள் எழுந்து போனா திரை தானா பூட்டிக்கும். வெளியிலிருந்து மெயில்ல படமோ பாட்டோ வந்தா தடுத்துடும். எல்லாத்தையும் ஒரே இடத்திலிருந்து அவர்தான் கவனிச்சுக்கிட்டார். ஆனா ஒரே ஒரு மெஷினை மட்டும் அந்தப் பாதுகாப்பு வட்டத்திலிருந்து வெளியே எடுத்து வெச்சிருக்கார். அவர் பேர்ல, அவர் பாஸ்வேர்டுல. வரைபடம் போனது அந்த மெஷின் வழியாத்தான்."

"எந்த மெஷின்?"

"டெஸ்பாட்ச் அம்மாவோடது. சரக்கோட வரைபடமும் போகணும்ங்கறதால அவங்க மெஷின்ல எல்லா வரைபடமும் திறக்கும். ஆனா அவங்க மேல தப்பு இல்லை. ஃபைல் போன நேரம் அவங்க இதே நாற்காலியில என் முன்னால உட்கார்ந்திருந்தாங்க."

"அட்மின் என்ன சொல்றார்?"

எம்.டி. பேனாவை மேஜைமேல் போட்டார். "அதான் சார் எரிச்சல். 'நான் எடுக்கலை'ங்கறார். 'அப்ப எதுக்கு அந்த ஒரு மெஷினை மட்டும் வெளியே விட்டீங்க'ன்னு கேட்டா தரையைப் பார்க்கறார். பன்னிரண்டு வருஷம் கூட இருந்த மனுஷன். வாயைத் திறக்கட்டும்னு இத்தனை நாள் பொறுத்தேன். இன்னிக்கு சாயங்காலம் போலீஸுக்குப் போறேன்."

சர்வேயர் எழுந்தார். "அந்த மெஷினை யாராவது நேர்ல போய்ப் பார்த்தாங்களா?"

"எதுக்கு? நிபுணர்களை வரவழைச்சேன். எல்லாம் இங்கே உட்கார்ந்தே தெரிஞ்சுதே. யார் மாத்தினாங்க, எந்த ஃபைல் போச்சு, எப்ப போச்சு..."

"தீப்பிடிச்ச இடத்துக்குப் போகாம ரிப்போர்ட் எழுதற வழக்கம் எனக்கு இல்லைங்க" என்றார் சர்வேயர்.

வெளியே வந்ததும் பட்டாசு கிசுகிசுத்தாள். "சார், இந்த ஆளோட வீட்ல அடுப்பு எரியுதான்னுகூட ஆபீஸ்ல இருந்தே பார்த்துப்பார் போல."

டெஸ்பாட்ச் அறை கிடங்கின் பின்பக்கம் இருந்தது. அட்டைப் பெட்டிகளின் வாசனை, ஒரு தராசு, ஒட்டும் டேப்பின் சுருள்கள், சுவரோரம் ஒரு மேஜை. பெரிய ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்காத மூலை. டெஸ்பாட்ச் அம்மா எழுந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் பசை ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

பட்டாசு திரையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

நீலமும் இல்லை, முத்திரையும் இல்லை. திரை நிறைய ஒரு சிறு பெண். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்த ஓட்டை தெரிவதைப் பற்றிக் கவலையே படாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு" என்றார் அந்த அம்மா. "இப்ப இல்லை."



"எப்பம்மா?" என்று கேட்டார் சர்வேயர்.

"ரெண்டு வருஷம் ஆகப் போகுதுங்க. ரத்தத்துல வியாதி. அவ இருக்கும்போதே இங்கே அவ படத்தைத்தான் வெச்சிருந்தேன். போன வருஷம் ஒரு நாள் காலையில வந்து மெஷினைப் போட்டா, படத்தைக் காணோம். எல்லா மெஷினுக்கும் கம்பெனி முத்திரைன்னு புது உத்தரவாம். எனக்கு அது தெரியாது. இன்னொரு தடவை போயிட்டா மாதிரி இருந்துச்சு. இங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன். தராசு சரியா வேலை செய்யலைன்னு பார்க்க வந்த அட்மின் சார் என்னைப் பார்த்துட்டார். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்தா படம் திரும்ப இருக்கு. 'யார்கிட்டயும் சொல்லிக்காதீங்கம்மா'ன்னார். அவ்வளவுதான்."

சர்வேயர் பட்டாசைப் பார்த்தார். அவர் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அம்மாவைத் தராசுப் பக்கம் ஒரு பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, தணிந்த குரலில் பேசினாள்.

"அந்த உத்தரவெல்லாம் ஒரே மூட்டையா வரும் சார். முத்திரை, பூட்டு, பென் டிரைவ் தடை, எல்லாம் ஒண்ணா. முத்திரையை மட்டும் எடுக்கணும்னா தனி மூட்டை கட்டணும், எம்.டி.கிட்ட அனுமதி வாங்கணும். அந்த ஆள் அவசரத்துல மெஷினையே வட்டத்துக்கு வெளியே நகர்த்தி வெச்சிருக்கார். ஒரு க்ளிக். அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு நினைச்சிருப்பார். அந்த அப்புறம் வரவே இல்லை."

"அதனாலதான் வாயைத் திறக்கலை" என்றார் சர்வேயர். "காரணத்தைச் சொன்னா இந்தப் படத்தைச் சொல்லணும்."

"அது சரி சார். ஆனா எம்.டி. என்ன சொல்வார்? 'பரிதாபக் கதை நல்லாயிருக்கு, ஃபைலை யார் எடுத்தா'ம்பார்."

சர்வேயர் திரையின் அருகே குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "அம்மா, முன்னாடி வெச்சிருந்த படமும் இதேதானா?" என்று கேட்டார்.

"இல்லைங்க." அந்த அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அதே சிரிப்பு, அதே விழுந்த பல். ஆனால் மங்கலாக இருந்தது. ஆஸ்பத்திரித் தலையணை தெரிந்தது. குழந்தையின் மூக்கில் ஒரு குழாய், கன்னத்தில் அதை ஒட்டியிருந்த பிளாஸ்டர். "இதான் அவ சிரிச்ச கடைசிப் படம். இதை வெச்சிருந்தேன். குழாயை மட்டும் கையால மறைச்சுக்கிட்டுத்தான் பார்ப்பேன்."

சர்வேயர் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் குழாய் இல்லை. பிளாஸ்டர் இல்லை. தலையணை இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும்.

"பட்டாசு, பழைய படம் எப்படி உள்ளே வந்தது?"

"தடை வர்றதுக்கு முன்னாடி சார். அப்ப எல்லாக் கதவும் திறந்திருந்தது. போன்ல இருந்து ஒயர் போட்டு ஏத்தியிருப்பாங்க."

"இந்தப் புதுப் படம்?"

பட்டாசு நெற்றியைச் சுருக்கினாள். "தடைக்கு அப்புறம். வெளி மெயில் தடுத்துடும். அப்ப..." சட்டென்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பென் டிரைவ் சார். வட்டத்துக்கு வெளியே இருக்கறதால இங்கே அது திறக்கும்."

"அந்த மெஷினுக்கு அது ஞாபகம் இருக்குமா?"

"வீட்டுக்கு வந்த விருந்தாளியை எங்க அத்தை ஞாபகம் வெச்சுக்கற மாதிரி. யார் வந்தா, முதல்ல எப்ப வந்தா, கடைசியா எப்ப வந்தான்னு வரிசையா ஒப்பிக்கும்."

அவள் விரல்கள் ஓடின. கொஞ்ச நேரத்தில் நின்றன. கேலி எல்லாம் முகத்திலிருந்து வடிந்திருந்தது.

"சார், வட்டத்துக்கு வெளியே வந்ததுக்கு அப்புறம் இந்த மெஷினுக்குள்ள ஒரே ஒரு பென் டிரைவ்தான் நுழைஞ்சிருக்கு. முதல் தடவை வந்த அன்னிக்கு இந்தப் படம் ஏறியிருக்கு. கடைசித் தடவை வந்தது, எம்.டி. சொன்ன அந்த நாள். அதே மணி."

"படம் உள்ளே வந்த வழியாத்தான் வரைபடம் வெளியே போயிருக்கு" என்றார் சர்வேயர்.

அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அந்த அம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சொல்றீங்க? என் பொண்ணு படத்துக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

எரிந்த கட்டடங்களின் முன்னால் நின்று எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொன்னவர் சர்வேயர். இப்போது ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவரை உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்கதான் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க. வேண்டாம்னா இப்பவே நிறுத்திக்கறேன்."

"சொல்லுங்க."

சொன்னார். படத்தைக் காப்பாற்ற அட்மின் என்ன செய்தார், அதனால் எந்தெந்தக் கதவு திறந்து கிடந்தது, அதைச் சொல்லாமல் ஏன் தலைகுனிந்து நிற்கிறார் என்று எதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா திரையைப் பார்த்தார். பிறகு பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"என்னாலயா?"

"உங்களால இல்லைம்மா. திறந்த கதவு திருடாது. உள்ளே வந்த ஆள்தான் திருடுவான். இந்தப் படத்தைச் சரிபண்ணிக் கொண்டுவந்தது யாரு?"

பட்டாசு அந்த அம்மாவின் தோளில் கை வைத்தாள். "அக்கா."

"அந்தப் புள்ளை அப்படிச் செய்யாதும்மா" என்றார் அவர். குரல் கெஞ்சியது. "டிசைன் செக்‌ஷன் தம்பி. என்னை அக்கான்னுதான் கூப்பிடும். படத்தைப் பார்த்துட்டு, 'இந்தக் குழாயை நான் எடுத்துத் தர்றேன்க்கா'ன்னு வாங்கிட்டுப் போச்சு. வீட்ல உட்கார்ந்து ராத்திரி ராத்திரியா செஞ்சிருக்கு. அது கொண்டுவந்து மாட்டினப்ப, 'அட, உங்க மெஷின்ல மட்டும் கதவு திறக்குதே அக்கா'ன்னு சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவ போனதுக்கு அப்புறம் நான் முதல் தடவை சிரிச்சது அன்னிக்குத்தான்."

எம்.டி. அவர்களைத் தேடிக்கொண்டு வந்து கதவருகே நின்றார். பட்டாசு அவரிடம் விஷயத்தை நாலு வரியில் சொன்னாள். அவர் திரையிலிருந்த குழந்தையை வெகுநேரம் பார்த்தார். தன் கம்பெனியில் இப்படி ஒரு படம் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

டிசைனர் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முப்பது வயதுக்குள்தான் இருப்பான். உள்ளே நுழைந்ததும் புது ஆட்களைப் பார்த்துத் தயங்கினான். எம்.டி. பெட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"வாங்க தம்பி" என்றார் சர்வேயர். "இந்தப் படத்தை நீங்கதான் சரிபண்ணினீங்களாமே? குழாய் இருந்த அடையாளமே தெரியலை."

அவன் முகம் மலர்ந்தது. "ஆமா சார். கன்னத்துலதான் ரொம்பக் கஷ்டம். பிளாஸ்டருக்கு அடியில தோல் எப்படி இருக்கும்னு தெரியாதே. அந்தப் பக்கத்துக் கன்னத்தைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்."

"ஆபீஸ்லயா செஞ்சீங்க?"

"இல்லை சார், வீட்ல. என் லேப்டாப்புல."

"அப்புறம் எதுல கொண்டுவந்தீங்க?"

"என் பென்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

"பரவாயில்லை, சொல்லுங்க. உங்க பென் டிரைவ்ல" என்றார் சர்வேயர். "அது இந்த மெஷினுக்கு ரெண்டாவது தடவை வந்ததுக்கு என்ன காரணம்? குழந்தைக்கு இன்னொரு படம் இல்லையே."

அவன் அக்காவைப் பார்த்தான். பொய் சொல்ல வாய் திறந்ததுபோல இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அது முடியவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போட்டிக் கம்பெனிக்காரங்க பெரிய வேலை தர்றேன்னாங்க சார். வெறுங்கையோட வந்தா வேண்டாம், வரைபடத்தோட வான்னாங்க. என் மெஷின்ல முடியாது. அப்பத்தான் இங்கே கதவு திறக்கும்னு ஞாபகம் வந்துச்சு. அட்மின் சார் மேல பழி விழும்னு நினைக்கவே இல்லை. விழுந்ததுக்கு அப்புறம் சொல்லத் தைரியம் வரலை."

எம்.டி. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வந்தார். கத்துவார் என்று பட்டாசு எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. "எழுந்திரு. என் கூட வா" என்று மட்டும் சொன்னார்.

அவன் கதவைத் தாண்டும்போது டெஸ்பாட்ச் அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தியே, அன்னிக்கே இது உன் மனசுல இருந்துச்சா?"

"இல்லைக்கா. சத்தியமா இல்லை. அன்னிக்கு உங்களுக்காகத்தான் வந்தேன்."

"பொய்யா இருந்தாலும் அதையே சொல்லு. யார் கேட்டாலும் அதையே சொல்லு" என்றார் அவர், வழியை விட்டு விலகிக்கொண்டே.

அட்மின் வீட்டுக்கு அவர்கள் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. டெஸ்பாட்ச் அம்மாவும் கூட வந்தார். வரவேண்டாம் என்று சர்வேயர் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை.

கதவைத் திறந்தது அட்மினின் மனைவி. டெஸ்பாட்ச் அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. "நீங்கதானா அந்த மெஷினுக்காரங்க?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர் யாருக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கார்னு ஆபீஸ்ல ஆளாளுக்கு ஒரு கதை கட்டினாங்க. எல்லாக் கதையும் என் காதுக்கு வந்துச்சு."

அந்த அம்மா கைகூப்பினார்.

உள்ளே அட்மின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பல நாள் தாடி, கசங்கிய சட்டை. சர்வேயர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் மனைவி அறையின் நடுவிலேயே நின்று கேட்டார்.

"போலீஸ் புகார் உங்க மேல இல்லைங்க" என்று முடித்தார் சர்வேயர். "ஆனா வேலை... 'திருடலைன்னாலும் கதவைத் திறந்து வெச்சது அவர்தான், என்னால திரும்ப எடுத்துக்க முடியாது'ன்னு எம்.டி. சொல்லிட்டார்."

"நியாயம்தான்" என்றார் அட்மின். "அவர் இடத்துல நானும் அதைத்தான் செய்வேன்."

"சொல்லியிருக்கலாமே சார்" என்றார் டெஸ்பாட்ச் அம்மா. அடக்கி வைத்திருந்தது உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரு படத்துக்காக உங்க வாழ்க்கையையே..."

"சொன்னா என்னம்மா ஆகும்? அன்னியிலிருந்து குழந்தை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்குத் திருட்டு ஞாபகம் வரும். அது வேண்டாம்னு நினைச்சேன்." அவர் சற்று நிறுத்தினார். "இப்ப தெரிஞ்சே போச்சு. என்னால அதையும் காப்பாத்த முடியலை."

பட்டாசு மூக்கை உறிஞ்சிவிட்டு, "தூசி சார்" என்றாள். நம்பும்படி இல்லை.

அட்மினின் மனைவி மெல்ல நடந்து வந்து டெஸ்பாட்ச் அம்மாவின் பக்கத்தில் நின்றார். இறுகியிருந்த முகத்தில் ஏதோ மாறிக்கொண்டிருந்தது.

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"ஆறு முடியலைங்க."

"வாங்க" என்று அவர் கையைப் பிடித்தார். "உள்ளே வந்து உட்காருங்க. டீ போடறேன். நிக்காதீங்க."

இரண்டு பெண்களும் சமையலறைக்குள் போனார்கள். அட்மின் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலைப் பழக்கம் விடாமல் சர்வேயரிடம் கேட்டார்: "சார், அந்த மெஷினைத் திரும்ப வட்டத்துக்குள்ள சேர்த்துட்டாங்களா?"

"நாங்க கிளம்பறதுக்கு முன்னாடியே சேர்த்தாச்சு. அந்த அம்மாவே சேர்க்கச் சொன்னாங்க."

"அப்ப படம் போயிருக்கும்."

"போயிடுச்சு."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் டெஸ்பாட்ச் அம்மாவின் குரல். முதலில் விட்டு விட்டு வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. குழந்தைக்கு இருட்டென்றால் பயம் கிடையாதாம், கோழியென்றால்தான் பயமாம். விழுந்த பல்லை யாரிடமும் காட்டாமல் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டு தூங்குமாம். சர்வேயரும் பட்டாசும் விடைபெற்றுத் தெருவில் இறங்கிய பிறகும், திறந்திருந்த ஜன்னல் வழியாக அவர் சொல்லிக்கொண்டே இருப்பது கேட்டது.